இடைவேளை வரைக்கும் முதலாளி

சந்தவாசல்,
ஆடி கடைசி வெள்ளி, 1981.

மரியாதைக்கும் என் பயத்துக்கும் ஒருங்கே உரிய மச்சான் அர்ச்சுனன் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கையின் புருஷன் என்று இன்னமும் சொல்லிக்கொள்ளும் பஞ்சாட்சரம் பணிவோடு எழுதிக்கொண்டது. இங்கு நான் நலம், என் வயிறு நலமில்லை. அங்கு தாங்களும், வசந்தி அக்காவும், பிள்ளைகளும், தங்கள் மீசையும் நலமாக இருக்க ரேணுகாம்பாளை வேண்டிக்கொள்கிறேன். போன வாரம் நான் எழுதிய கடிதத்தை வெந்நீர் அடுப்பில் வைத்ததாக பஸ் கண்டக்டர் சொன்னார். அதனால் இந்த முறை கனமான தாளாகப் பார்த்து எழுதுகிறேன், சீக்கிரம் பற்றாது. அதற்குள் படித்துவிடுங்கள்.

முதலில் விஷயத்தை உடைத்துச் சொல்லிவிடுகிறேன். ஜவ்வாது மலைமேல் ஈச்சம்பாடியில் நான் பெண் கேட்டது உண்மை. ஒரு வீட்டில் இல்லை, ஏழு வீட்டில் கேட்டேன், அதுவும் உண்மை. ஆனால் நான் கேட்டது எனக்கே தெரியாது என்பதும் அதே அளவுக்கு உண்மை. முதல் இரண்டை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு அம்சவல்லி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போளூருக்கு உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். மூன்றாவதை நீங்கள்தான் அவளிடம் எடுத்துச் சொல்லி, அவளை பஸ் ஏற்றி அனுப்ப வேண்டும். எனக்கு வேறு போக்கில்லை மச்சான். அவள் இல்லாத வீட்டில் கோழிகூட என்னை மதிக்கமாட்டேன் என்கிறது.

எல்லாவற்றுக்கும் காரணம் சினிமா. இன்னும் சரியாகச் சொன்னால், பாதி சினிமா. நீங்கள் கொட்டகைக்குப் பின் தெருவில் குடியிருப்பவர், உங்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியாது. போளூரில் சாயங்கால ஆட்டம் பார்க்க வந்தால் இடைவேளையில் முறுக்கு வாங்கித் தின்றுவிட்டு நான் பஸ் நிலையத்துக்கு ஓட வேண்டும், ஏனென்றால் சந்தவாசலுக்குக் கடைசி பஸ் அப்போதுதான் புறப்படும். ஞாயிற்றுக்கிழமை மேட்னி வரலாம் என்றால் அன்றைக்குத்தான் என் வாடகை சைக்கிள் கடையில் கூட்டம். ஆகவே நான் கல்யாணம் ஆன நாளிலிருந்து இன்றுவரை எந்தப் படத்தையும் இடைவேளைக்கு மேல் பார்த்தவனில்லை. குடும்பப் படம் என்றால் பாதகமில்லை, எப்படியும் கடைசியில் சேர்ந்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொள்ளலாம். வியாபாரப் படம் என்றால் அங்கேதான் ஆபத்து. வெறுங்கையோடு பட்டணத்துக்கு வருவான், பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக விற்பான், பேசியே ஆளை மயக்குவான், முதலாளி ஆவான், சுழல் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையிலும் டெலிபோனைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான், லைட்டைப் போட்டுவிடுவார்கள். எனக்குத் தெரிந்தவரை தமிழ் சினிமாவில் தோற்றுப்போன வியாபாரி என்று ஒருத்தன் கிடையாது.

கடைசியாக வந்த அந்தப் படம் உங்களுக்குத் தெரியும். டிபன் கேரியர் விற்பவன் கதை. அதில் ஒரு கட்டம். ஒரு பெரிய வீட்டு அம்மா கதவைச் சாத்தப் போகிறாள். அவன் விலை சொல்லவில்லை, சாமானைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கேரியரை வாசற்படியில் வைக்கிறான், “கொஞ்சம் தண்ணி குடுங்க” என்கிறான், சிரிக்கிறான், அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுகிறான். மறுநாள் அந்தத் தெருவே அவன் பின்னால் வருகிறது! நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது மச்சான். அந்தப் பாதியை மட்டும் திரும்பத் திரும்ப வந்து பார்த்தேன். பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் கண்ணாடியில் அந்தச் சிரிப்பைச் சிரித்துப் பழகினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்பிள்ளை எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து, “இனிமே பஞ்சர் ஒட்ற பொழப்பு வேணாம், நான் சேல்ஸ்மேன் ஆவப் போறேன்” என்று சொன்னேன். அம்சவல்லி முறத்தைக் கீழே வைக்காமலே, “ஆசை இருக்குது தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்குது கழுதை மேய்க்க” என்றாள். சொன்னாளே தவிர, அவளுக்கும் உள்ளூர ஒரு ஆசை இருந்திருக்க வேண்டும். அவள் வளர்த்த இரண்டு ஆட்டையும் அவளே பிடித்து விற்று முதல் போட்டாள். “மலையில பொம்பளைங்க மண் குடத்தத் தூக்கிக்கினு சுனைக்கும் வூட்டுக்கும் அல்லாடறாங்க. பிளாஸ்டிக் குடம் எடுத்துக்கினு போங்க” என்று யோசனை சொன்னதும் அவள்தான். இதை நீங்கள் அவளிடம் ஞாபகப்படுத்த வேண்டாம்.

வேலூரில் மொத்த வியாபாரி அமீனுல்லா பாயிடம் போய்ச் சிவப்புக் குடமாகப் பொறுக்கினேன். பாய் என் கோட்டைப் பார்த்தார். கோட்டு என்றால், சந்தவாசல் டெய்லர் அவருக்குத் தெரிந்தவரைக்கும் தைத்த கோட்டு. இடது கை வலது கையைவிடக் கொஞ்சம் நீளம். பாய் என்னை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து, “அண்ணே, ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. காச வாங்கிட்டுக் குடத்தக் குடுங்க. குடத்தக் குடுத்துட்டுக் காசுக்கு நிக்காதீங்க. மலை சனங்க நல்லவங்க, ஆனா அவங்க முறை வேற, நம்ம முறை வேற. யாரையாவது விசாரிச்சிக்கினு போங்க” என்றார். பாவம், பாய் சினிமா பார்ப்பதில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஜமுனாமரத்தூர் பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, குடங்களைக் கயிற்றில் கோத்து ஒரு கழியில் மாட்டித் தோளில் வைத்துக்கொண்டு மலைப்பாதையில் நடந்தேன். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்றால் பிளாஸ்டிக் குடம் என்ன செய்யும்? என்னையும் சேர்த்துத் தூக்கியது. ஒரு திருப்பத்தில் குடமெல்லாம் மேற்கே போக, நான் கிழக்கே போக, கோட்டு நடுவில் கிழிந்தது. சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் கும்பிட்டேன். விளம்பரம் ஆரம்பமாகிவிட்டது என்று எனக்குள் ஒரு திருப்தி.

ஈச்சம்பாடியில் முதல் வீட்டு வாசலில் ஒரு குடத்தை இறக்கினேன். படத்தில் வெறும் கேரியரை வைத்தான். நான் நம்ம பக்கத்து மரியாதையை விடலாமா? புதுச் சாமானை வெறுமையாக வைக்கக்கூடாது என்று குடத்துக்குள் இரண்டு வெற்றிலை, ஒரு கொட்டைப்பாக்கு போட்டேன். அது என் சொந்த மூளை, சினிமாவில் இல்லை. “கொஞ்சம் தண்ணி குடுங்க” என்றேன். சிரித்தேன். வீட்டுக்காரர் குடத்துக்குள் எட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். உள்ளே ஒரு பெண் குபீரென்று சிரிக்கிற சத்தம், அவள் அம்மா அதட்டுகிற சத்தம். தண்ணீர் மட்டும் வரவில்லை. அப்படியே அடுத்த வீடு, அடுத்த வீடு என்று ஏழு வீட்டிலும் வைத்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டதே தவிர ஒரு வாய் தண்ணீர் எந்த வீட்டிலும் கிடைக்கவில்லை. ‘இன்னா ஊருடா இது, தண்ணிக்குக்கூடக் கஞ்சமா’ என்று மனதுக்குள் திட்டினேன். அவர்கள் தண்ணீர் கொடுக்காமல் என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போது எனக்கு எப்படித் தெரியும்?

ஏழாவது வீடு மாதம்மாள் என்கிற அம்மாவுடையது. தலை முழுக்க நரைத்து, புருஷன் போய்ச் சேர்ந்து, தனியாக இருக்கிற அம்மா. புளி தட்டிக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து குடத்துக்குள் பார்த்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

“ஏம்பா, நல்லா பாத்துத்தான் வெச்சியா? இந்த வூட்ல இருக்கறது நான் ஒருத்திதான்.”

“உங்களுக்குத்தாங்க.”

“இந்த வயசுல எனக்கு இது தேவையா? உனக்குத்தான் தேவையா?”

வாடிக்கையாளர் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்வார், அதோடு விட்டுவிட்டால் அவன் வியாபாரி இல்லை என்று படத்தில் சொல்லியிருக்கிறான். ஆகவே நான், “வயசுல இன்னாங்க இருக்குது? ஒரு தடவ வெச்சிப் பாருங்க, அப்புறம் நீங்களே வுடமாட்டீங்க. இன்னிக்கி வேணாம்னா நாளைக்கி வர்றேன். நான் சாமான்யத்துல போற ஆளு இல்ல” என்றேன். மாதம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு புளிக்கம்பைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக ஊர்க்கவுண்டர் வீட்டுக்கு நடந்தார்.

கொஞ்ச நேரத்தில் புளியமரத்தடியில் ஊரே கூடிவிட்டது. மறுநாள்தான் வருவார்கள் என்று பார்த்தால் அன்றைக்கே வந்துவிட்டார்களே, படத்தைவிட நம்ம சரக்கு வேகமாக ஓடுகிறதே என்று எனக்கு ஒரே சந்தோஷம். மீதிக் குடங்களை எடுத்து வரிசையாக அடுக்கினேன். ஊர்க்கவுண்டர் ராஜாக்கண்ணு எனக்கு எதிரில் உட்கார்ந்தார்.

“எந்த ஊரு?”

“சந்தவாசலுங்க. வியாபாரங்க.”

“வியாபாரம்னா வெல சொல்லணும். நீ ஒரு வூட்லயும் வெல சொல்லலியாமே?”

“அதாங்க புது முறை. நாங்க சொல்லமாட்டோம். நீங்களா கேக்கணும்.”

“கேட்டா இன்னா பண்ணுவ?”

“சிரிப்பேங்க.”

சிரித்தும் காட்டினேன். ஒருத்தரும் திருப்பிச் சிரிக்கவில்லை. கவுண்டர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“இத்த கேளு. எங்க ஊர்ல புதுக் குடத்துல வெத்தல பாக்கு போட்டு, வாசல்ல எறக்கி வெச்சி, வேற பேச்சு பேசாம தண்ணி கேட்டா, அந்த வூட்டுப் பொண்ண கேக்கறான்னு அர்த்தம். பொண்ணு அந்தக் குடத்த ரொப்பி எடுத்தாந்து குடுத்திச்சின்னா ஒத்துக்கிச்சின்னு அர்த்தம். ஒரு ஆளு ஒரு வூட்டுக்கு முன்னாடிதான் வெப்பான். நீ ஏழு வூட்ல வெச்சிருக்கற. அதுவும் ஆடி மாசத்துல. மாதம்மாளையும் வுடல. உனக்கு எத்தினி சம்சாரம்பா வேணும்?”

மச்சான், எனக்குக் காது அடைத்துவிட்டது. “ஐயோ, எனக்குச் சம்சாரம் இருக்குதுங்க!” என்று கத்தினேன். “அப்போ அவங்களயும் சேத்து மொத்தம் எட்டா?” என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். நான் படத்தைப் பற்றிச் சொன்னேன், டிபன் கேரியரைப் பற்றிச் சொன்னேன், சுழல் நாற்காலியைப் பற்றிக்கூடச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை போய்விட்டது. அவர்கள் அடிக்கவில்லை, திட்டவில்லை. அதுதான் இன்னும் வெட்கம். குடம் வைத்துவிட்டுப் பின்வாங்குகிறவன், வைத்த வீட்டுக்கெல்லாம் அந்தக் குடத்திலேயே சுனைத் தண்ணீர் தூக்கி ஊற்றி மன்னிப்புக் கேட்க வேண்டும், இதுதான் ஊர் முறை என்றார் கவுண்டர். தூக்கினேன். கிழிந்த கோட்டோடு, ஒரு கையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம். ஆம்பிளைக்கு இடுப்பில் குடம் நிற்காது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். பெண்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். பச்சையம்மா என்று ஒரு பெண், “ஆளுதான் லாயக்கில்ல, கொடம் நல்லா லேசாத்தான் கீது” என்று சொன்னதும் என் காதில் விழுந்தது. ஆனால் அதை வியாபாரமாக எடுத்துக்கொள்கிற நிலைமையில் நான் இல்லை. வைத்த குடங்களை அங்கேயே விட்டுவிட்டு, மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

நான் தண்ணீர் தூக்கிய நேரம் பார்த்து, மலையில் தேன் வாங்க வந்த ஒரு புண்ணியவான் அந்தப் பக்கம் போயிருக்கிறான். எனக்கு முன்னாலேயே இறங்கி, சந்தவாசல் டீக்கடையில், “பஞ்சாட்சரம் மலைமேல பொண்ணு கட்டிக்கினாரு, மாமியார் வூட்டுக்குத் தண்ணி தூக்கினு கீறாரு” என்று சொல்லிவிட்டான். நான் வீட்டுக்கு வந்தபோது பூட்டு தொங்கியது. சாவி கோழிக்கூட்டின்மேல் இருந்தது. கோபத்திலும் சாவியை வைத்துவிட்டுப் போயிருக்கிறாளே, அந்த மனசை நினைத்து நினைத்து அழுதேன் மச்சான்.

அப்புறம் கண்டக்டர் மூலமாக அவள் சொல்லி அனுப்பிய சேதி வந்தது. வசந்தி அக்காவோடு அந்தப் படத்தை முழுக்கப் பார்த்தாளாம். “இடைவேளைக்கு அப்பால இன்னா ஆச்சின்னு அவர பாக்கச் சொல்லு. பாத்துட்டு அப்பறம் பேசச் சொல்லு” என்றாளாம். கடைதான் பூட்டிக் கிடக்கிறதே, போன ஞாயிறு மேட்னிக்கு வந்தேன். உங்கள் தெரு வழியாக வராமல் சுற்றிக்கொண்டு வந்தேன்.

பார்த்தேன் மச்சான். சுழல் நாற்காலிக்காரனுக்கு ஆசை அடங்கவில்லை. கூட இருந்த சிநேகிதனை ஏமாற்றினான், ஓட்டைக் கேரியரை நல்ல கேரியர் என்று விற்றான், கட்டினவள் பேச்சைக் கேட்கவில்லை. கம்பெனிக்குச் சீல் வைத்தார்கள். நாற்காலியை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள், அப்போதும் அது சுழன்றுகொண்டே போனது. அவன் பெண்டாட்டி கோபித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த அண்ணன் பெரிய மீசை வைத்தவர், தப்பாக நினைக்காதீர்கள், கொஞ்சம் உங்கள் ஜாடை. அவன் தெருவோரத்தில் அதே கேரியரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். யாரும் அவனுக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை. நான் தேம்பித் தேம்பி அழுதேன். பக்கத்தில் இருந்தவர், “யோவ், படம்யா” என்றார். எனக்கு அது படமாகத் தெரியவில்லை.

இதற்கப்புறம்தான் சோதனை. பெண்டாட்டி அண்ணன் வீட்டு ஜன்னலில் நின்று யோசிக்கிறாள், பஸ் ஹாரன் கேட்கிறது, கதவைத் திறக்கிறாள், கரண்ட் போய்விட்டது! போனது போனதுதான். டிக்கெட்டுக்குப் பாதிக் காசைக் கொடுத்து எல்லாரையும் அனுப்பிவிட்டார்கள். ஆக, எனக்குக் கடைசிப் பாதியில் கடைசித் துண்டு தெரியாது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த அம்மா திரும்பி வந்தாளா, வரவில்லையா? ஒரு கார்டில் ஒரு வரி எழுதிப் போட்டுவிடுங்கள். அது தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சைக்கிள் கடையைத் திறந்துவிட்டேன். கோட்டைப் பிரித்துக் கைப்பிடித் துணியாக்கிவிட்டேன். விற்காத குடங்களைக் கொல்லையில் கவிழ்த்துப் போட்டிருக்கிறேன், கோழி ஏறி நிற்கிறது. இனி வியாபாரம் என்ற சொல் என் வாயில் வராது. பேராசை என்ற பேய் இந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்காது. பிளாஸ்டிக் குடம் என் வாசற்படியில் ஏறாது, ஏறினால் என் பெயர் பஞ்சாட்சரம் இல்லை. இது ரேணுகாம்பாள் மேல் சத்தியம். அம்சவல்லியை அனுப்பிவையுங்கள்.

வசந்தி அக்காவுக்கு என் கும்பிடு. பிள்ளைகளுக்கு, மாமா வந்தால் இனி சிரித்துப் பயமுறுத்தமாட்டார் என்று சொல்லவும். தங்கள் கோபம் தணிந்து, கையெழுத்துத் தெளிந்து, பதில் வர வேண்டுமாய்ப் பிரார்த்திக்கும்,

பஞ்சாட்சரம்,
வாடகை சைக்கிள் கடை, சந்தவாசல்.

பின்குறிப்பு: மேலே எழுதியதை உறையில் போட்டு ஒட்டி, தபாலில் போடக் கிளம்பும்போது வாசலில் நிழல் தெரிந்ததால் உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். அம்சவல்லி இங்கேதான் இருக்கிறாள், தேட வேண்டாம். நீங்கள் மண்டியில் இருந்த நேரம், போளூருக்குப் புளி விற்க வந்த மாதம்மாள், அம்சவல்லி கோபித்துக்கொண்டு வந்த கதையைக் கேள்விப்பட்டு, விசாரித்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கே வந்தாராம். “அடி பொண்ணே, அந்த ஆளுக்கு ஒரு கொடம் விக்கவே துப்பில்ல, இன்னொருத்தியயா கட்டப்போறான்? நீ வூட்டுக்குப் போ. போய் மிச்சக் கொடத்த எடுத்துக்கினு வா. பச்சையம்மா புளி தரேன்றா, மத்தவங்க சாமை தரேன்றாங்க” என்று சொன்னாராம். உங்களிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டாள். நாளைக்கு மலை ஏறுகிறாள். கொல்லையில் இருந்த குடமெல்லாம் கழுவி ஆயிற்று, கோழி கோபத்தில் இருக்கிறது. பத்தாது என்கிறாள். வேலூருக்குப் போகிற ஆள் கிடைத்தால், பாயிடம் இன்னும் கொஞ்சம் குடம் சொல்லி அனுப்பவும், பச்சை நிறமாக இருந்தால் நல்லது. ஆகவே வியாபாரம், பேராசை, சத்தியம் பற்றி நான் மேலே எழுதிய பத்தியைத் தயவுசெய்து அடித்துவிடவும்.

கடைசித் துண்டை அவளிடமே கேட்டேன். “கதவத் தொறந்தா, அதோட வணக்கம் போட்டுட்டான்” என்றாள். கொல்லைப் பக்கம் போய் ஒரு சிவப்புக் குடத்தை எடுத்துவந்தாள். மடியிலிருந்து வெற்றிலை பாக்கு எடுத்து உள்ளே போட்டாள். வாசற்படியில், என் காலடியில் இறக்கி வைத்தாள். அந்தப் படத்துச் சிரிப்பை, எனக்கு வராத அந்தச் சிரிப்பை, அப்படியே சிரித்து, “கொஞ்சம் தண்ணி குடுங்க” என்றாள்.

ரொப்பிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டேன் மச்சான்.